இருபத்தெட்டில் இருபத்திரண்டு வகுப்புகள்

ஒரு மாணவியை இறுதித் தேர்வு எழுத விடாமல் தடுத்தேன். அதே குறை இருந்த வேறு இருவரை எழுத விட்டேன். அவளை மட்டும் தடுத்தேன். அவள் தமிழ்ப் பெண் என்பது ஒரு காரணம். நானும் தமிழன் என்பது இன்னொரு காரணம். வேறு காரணம் இல்லை.

இது நடந்து இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. இடையில் ஒருமுறை கோயிலில் பாவசங்கீர்த்தனத்தின்போது, "வேலையில் மாணவர்களிடம் கடுமையாக நடந்துகொண்டேன், சுவாமி" என்று சொல்லியிருக்கிறேன். பாதிரியார் செபம் சொல்லச் சொன்னார், சொன்னேன். ஆனால் நான் அறிக்கையிட்டது நடந்த குற்றத்தை அல்ல. கடுமை என்பது கிட்டத்தட்ட ஒரு பெருமை. செய்தது வேறு. அதை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

பத்து பாகாட் நகருக்கு வெளியே இருந்த ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தேன். ஆடைத் தொழிற்சாலைகளில் தரக்கட்டுப்பாட்டு வேலைக்குப் போகப்போகும் பிள்ளைகளுக்கான டிப்ளோமா வகுப்பு. எங்கள் துறையில் நான் ஒருவன்தான் தமிழன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தமிழ்ப் பையன் என் பாடத்தில் முதலாவதாக வந்தான். ஓய்வறையில் ஒரு சக விரிவுரையாளர் தேநீரைக் கலக்கிக்கொண்டே, "அனாக் புவா யூ கா?" என்றார். உங்க ஆளா என்று கேட்டார், அவ்வளவுதான். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அடுத்த நிமிடமே பேச்சு கால்பந்துக்குப் போய்விட்டது. நான் மட்டும் அந்தக் கேள்வியிலேயே நின்றுவிட்டேன். அதன்பிறகு தமிழ் மாணவர்களின் விடைத்தாள்களை இரண்டு முறை பார்த்தேன். கூட்டுவதற்காக அல்ல, எங்காவது அதிகமாகப் போட்டுவிட்டேனா என்று பார்ப்பதற்காக. நடைபாதையில் அவர்கள் "வணக்கம் சார்" என்றால் "குட் மார்னிங்" என்பேன். இதற்கு நேர்மை என்று பெயர் வைத்திருந்தேன்.

அந்தப் பெண் குளுவாங் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்திலிருந்து வந்தவள். மூன்றாவது செமஸ்டர். தேர்ந்த மாணவி என்று சொல்ல முடியாது. ஆனால் புரியும்வரை கேள்வி கேட்பாள். அந்த செமஸ்டரில் அவளுடைய அம்மாவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. சனி, ஞாயிறு வீட்டுக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை முதல் பேருந்தைப் பிடித்து, ஆயர் ஈத்தாம் வழியாக வருவாள். என் வகுப்பு திங்கள் காலை எட்டு மணி. எட்டே காலுக்குமேல் வருபவர்களை உள்ளே விடுவேன், ஆனால் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட விடமாட்டேன். அவள் எட்டே முக்காலுக்கு வந்து, பின்வரிசையில் உட்கார்ந்து, மீதி வகுப்பு முழுவதும் எழுதுவாள். என் பதிவில் அவள் அன்று வரவில்லை.

வாரம் இரண்டு வகுப்பு, பதினான்கு வாரம், மொத்தம் இருபத்தெட்டு. எண்பது விழுக்காடு வராதவர்கள் இறுதித் தேர்வு எழுத முடியாது. விரிவுரையாளர் காரணத்தை ஏற்றுக்கொண்டால் எழுதலாம். அந்த முறை மூன்று பேர் இருபத்திரண்டில் நின்றார்கள். இருபத்து மூன்று வேண்டும், ஒரே ஒரு வகுப்பு குறைவு. சிகாமட்டிலிருந்து வந்த மலாய்ப் பையன் ஒருவன், தாத்தா இறந்துவிட்டார் என்றான். மூவாரிலிருந்து வந்த சீனப் பெண், வீட்டிலிருந்து வரும் வழியில் மோட்டார் சைக்கிள் கெட்டுவிட்டது என்றாள். இருவரிடமும் கடிதம் இல்லை. நான் கேட்கவும் இல்லை. சரி, போய்ப் படியுங்கள் என்றேன்.

அவளிடம் அம்மாவின் மருத்துவமனை அட்டை இருந்தது. மேசைமேல் வைத்தாள்.

"சார், ஒரே ஒரு கிளாஸ்தான் சார். லேட்டா வந்தாலும் உள்ளதான் இருந்தேன். நீங்க பார்த்தீங்கதானே."

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். "இது உன் பெயரில் இல்லை" என்றேன், ஆங்கிலத்தில். அவள் தமிழில் கேட்டாள், நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஓய்வறைக் கதவு திறந்திருந்தது.

"அம்மாவோட அட்டை சார். அம்மாவுக்குத்தானே ஆபரேஷன்."

"ரூல்ஸ் ஆர் ரூல்ஸ்" என்றேன்.

அவள் அட்டையை எடுத்து, அதன் பிளாஸ்டிக் உறையில் மறுபடி நுழைத்துக்கொண்டாள். "தேங்க் யூ சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அறிவிப்புப் பலகையில் தடை செய்யப்பட்டவர்களின் எண்கள் ஒட்டப்பட்டபோது என் பாடத்துக்குக் கீழே ஒரே எண் இருந்தது.

அந்தப் பாடம் அடுத்த ஆண்டுதான் மறுபடி வரும். அவள் காத்திருக்கவில்லை. ஒரு வாரம் கழித்துக் கல்லூரி வாசலில் பேருந்துக்கு நின்றிருந்தாள். ஒரு பெட்டி, விடுதிப் பிள்ளைகள் எல்லாரிடமும் இருக்கும் பிளாஸ்டிக் வாளி, அதற்குள் சுருட்டிய பாய். நான் காரில் வெளியே போய்க்கொண்டிருந்தேன். வேகத்தைக் குறைக்கவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தேர்வு முடிவுகள் வெளியான சமயத்தில், குளுவாங்கில் கோயில் மண்டபத்தில் பேச அழைத்தார்கள். பள்ளியின் கடைசி ஆண்டான ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளைகளும் பெற்றோரும் வருவார்கள், கல்லூரிக்குப் போவதால் என்ன கிடைக்கும் என்று நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்றார்கள். ஏழு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். பாடப் புத்தகத்தில் இருப்பதை வீட்டிலேயே படிக்கலாம். ஆனால் தப்பாகச் சொல்லிவிட்டு அதே அறையில் தொடர்ந்து உட்கார்ந்திருக்கக் கல்லூரியில்தான் பழகுவீர்கள் என்றேன். வேறு வீட்டுச் சாப்பாடு, வேறு மொழிக் கோபம், சொந்தமாகத் துணி துவைப்பது, யாரும் எழுப்பாமல் எழுந்திருப்பது எல்லாம் அங்கேதான் வரும் என்றேன். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மகனான எனக்கு அப்படித்தான் வந்தது, அதனால் நன்றாகவே பேசினேன். கைதட்டினார்கள்.

பிறகு தேநீர் மேசை அருகே ஒரு பெண்மணி வந்து நின்றார். அக்கா மகளை அழைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"சார், என்னைத் தெரியுதா?"

தெரியவில்லை.

"எட்டு மணி கிளாஸ். கடைசி வரிசை. குளுவாங் பஸ்ல வருவேன்."

கையிலிருந்த குவளையை மேசைமேல் வைத்தேன்.

"நல்லா பேசினீங்க சார்" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. "எல்லாம் உண்மைதான். நான் மூணு செமஸ்டர் போனவதானே, எனக்குத் தெரியும்லா."

இதற்குமேல் அவரை அவள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அன்றைக்கே தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கினேன். ஒரு மாதம் கழித்துத்தான் அழைத்தேன்.

ஆயர் ஈத்தாமில், பானைக் கடைகளுக்குப் பின்னால் இருக்கும் தாமான் குடியிருப்பில் அவர் வீடு. அங்கிருந்து தினமும் பத்து பாகாட்டில் ஓர் ஆடைத் தொழிற்சாலைக்குக் கார் ஓட்டிப் போகிறார். தையல் இயந்திரத்தில் தொடங்கியவர், இப்போது அந்தத் தொழிற்சாலையின் தரப் பிரிவு முழுவதையும் பார்த்துக்கொள்கிறார். கணவர் டயர் கடை வைத்திருக்கிறார். என்னை உட்கார வைத்ததும் கணவரே பேச ஆரம்பித்தார்.

"நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா சார் இந்த வியாதிய? வீட்ல சோறு குழைஞ்சா கூட சார்ட் போடுறா சார். மாசத்துல எத்தனை தடவ, எந்தக் கிழமைன்னு."

"வெள்ளிக்கிழமைதான் குழையுது" என்றார் மனைவி. "வெள்ளிக்கிழமை இவரு சமைக்கிறாரு."

"அலமாக்! சார் முன்னாடியே மானத்த வாங்குறா பாருங்க" என்று எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

நான் வந்த காரியத்தைத் தொடங்கத் தெரியாமல், அந்த மூன்று செமஸ்டரில் ஏதாவது பயன் இருந்ததா என்று கேட்டேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது எவ்வளவு அசிங்கமான கேள்வி என்று தெரிந்தது. அவருக்கு அப்படிப் படவில்லை.

"நெறைய சார். தோட்டத்துல இருந்தவரைக்கும் யாராவது ஒரு நம்பர் சொன்னா அப்படியே நம்புவேன். உங்க கிளாஸ்லதான் எத்தனை பேரைக் கேட்டீங்க, யாரைக் கேட்டீங்கன்னு கேக்கவே தெரிஞ்சது. இன்னிக்கு பாக்டரில மேனேஜர் ஒரு ரிப்போர்ட் காட்டினா அதத்தான் மொதல்ல கேப்பேன். அவருக்குப் புடிக்காது." சிரித்தார். "அப்புறம் பிரசென்டேஷன். இருபது பேர் முன்னாடி நின்னப்ப காலு ரெண்டும் ஆடுச்சு. மலாய்ல ஆரம்பிச்சு இங்கிலீஷ்ல போயி கடைசில எதுலயும் இல்ல. யாரும் சாகலே. அதுக்கப்புறம் பயமே போயிருச்சு. என் ரூம்மேட் மூவார் பொண்ணு சார், இன்னும் தீபாவளிக்கு வருவா. அவளோட சண்ட போட்டுத்தான் மலாய் நல்லா வந்துச்சு."

தேநீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"ஒண்ணுதான் சார். புதுசா யாராவது, எங்க படிச்சீங்கன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியாது. படிச்சேன்னு சொல்லவா, படிக்கலன்னு சொல்லவா?"

அப்போது சொன்னேன். நீங்கள் மட்டும் இருபத்திரண்டில் நிற்கவில்லை, இன்னும் இருவர் நின்றார்கள், அவர்களை விட்டேன் என்றேன். ஏன் விட்டேன், ஏன் உங்களை விடவில்லை என்பதையும் சொன்னேன். ஓய்வறைப் பேச்சைச் சொன்னேன். அது ஒரு சாக்கு அல்ல என்றும் சொன்னேன்.

அவருக்கு இது தெரியாது. இத்தனை ஆண்டுகளாக விதிப்படி நடந்தது என்றே நினைத்திருக்கிறார்.

"யாரு சார் அந்த ரெண்டு பேரு?"

சொன்னேன்.

"மூவார் பொண்ணா? அவளா?" வாசல் பக்கம் பார்த்தார். "அவ ஏதோ லெட்டர் குடுத்திருப்பான்னு நெனச்சேன்."

"கடிதம் இல்லை. நான் கேட்கவில்லை."

"அவ மேல தப்பில்ல" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு என்னைப் பார்த்தார். "எங்கம்மா சாகறவரைக்கும் அந்தத் திங்கக்கிழமைய சொல்லிச் சொல்லி அழுதாங்க சார். என்னாலதான் உன் படிப்பு போச்சு, எனக்கு வந்த நோவுதான் உன்னக் கெடுத்துருச்சுன்னு. நானும் ஒரு நாள் கோவத்துல, ஆமா உன்னாலதான்னு சொல்லிட்டேன்."

நான் ஒரு மன்னிப்பைச் சொல்லிவிட்டு வரலாம் என்று போனவன். அந்த வீட்டில் இறந்துபோன ஒருவர்மேல் என் தவறு இத்தனை நாள் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது.

இன்னும் ஒரு தவறும் அன்று செய்தேன். வேலை அனுபவத்தை வைத்துப் பட்டப் படிப்பில் சேரும் வழி இப்போது இருக்கிறது, எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், நானே கடிதம் எழுதித் தருகிறேன் என்று பேசிக்கொண்டே போனேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"வேணாம் சார். அன்னிக்கும் நீங்கதான் முடிவு பண்ணீங்க."

வாசல்வரை வந்தார். "ஒரு பக்கம், நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்னு தோணுது" என்றார். கதவைச் சாத்தும்போது சத்தம் வராமல் சாத்தினார்.

மூன்று வாரம் எந்தச் செய்தியும் இல்லை. நானும் தொந்தரவு செய்யவில்லை. பிறகு ஒரு மதியம் கைப்பேசியில் ஒரு வரி வந்தது: "சார், அந்த பேப்பர் உங்ககிட்ட இருக்கா?"

எந்த பேப்பர் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. நான் தயாரித்த வினாத்தாள்கள் எல்லாவற்றையும் ஆண்டுவாரியாகக் கோப்பில் வைத்திருக்கிறேன். இருக்கிறது என்று எழுதினேன்.

"நான் அத பாத்ததே இல்ல. எழுதிப் பாக்கணும். ரெண்டு மாசம் டைம் குடுங்க. படிக்கணும்." அதன் கீழே இன்னொன்று: "பாவம் பாத்து மார்க் போடக்கூடாது. குறைக்கவும் கூடாது."

ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவருடைய சாப்பாட்டு மேசையில் தேர்வு நடந்தது. கணவர் தொலைக்காட்சியின் மின்கம்பியையே கழற்றிவிட்டுக் கடைக்குப் போயிருந்தார். வாசல் கம்பிக் கதவில், "பரீட்சை நடக்கிறது, ஹாரன் அடிக்காதே" என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார். நான் வினாத்தாள், விடைத்தாள், புள்ளியியல் அட்டவணைப் புத்தகம் எல்லாம் கொண்டுபோயிருந்தேன். பழைய வழக்கத்தில் வருகைச் சீட்டு ஒன்றும் அச்சடித்து எடுத்துப் போயிருந்தேன். அதை அவர்முன் வைத்தேன். அவர் வாசித்து, தன் மாணவர் எண்ணை எழுதி, கையெழுத்திட்டு, மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். அந்தப் பழைய எண்ணை அவர் மறக்கவில்லை.

மூன்று மணி நேரம். ஐந்து கேள்விகளில் நான்குக்கு விடை எழுத வேண்டும். நான் கூடத்தின் மறுபக்கம் நாற்காலியில் இருந்தேன். முதல் பத்து நிமிடம் வினாத்தாளை வாசித்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுதத் தொடங்கியவர் ஒருமுறைதான் தலையைத் தூக்கினார். "சார், மூணாவது கேள்வில இருக்கற டேட்டா பொய் டேட்டா. எந்த பாக்டரிலயும் இவ்ளோ அழகா வராது" என்றார். தேர்வில் பேசக்கூடாது என்றேன். சரி சார் என்று மறுபடி குனிந்தார். பன்னிரண்டு மணிக்கு நான்காவது விடை பாதியில் நின்றது. பேனாவைக் கேட்டேன், கொடுத்தார்.

அன்று பிற்பகலே திருத்தினேன். இரண்டு முறை திருத்தினேன். நூற்றுக்கு ஐம்பத்திரண்டு. நாற்பது எடுத்தால் தேர்ச்சி. நிம்மதியாக இருந்தது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்று நினைத்தேன்.

இருந்தாலும் குறைக்கவும் கூடாது என்று அவர் எழுதிய அந்த வரி உறுத்தியது. முன்பு என்னுடன் வேலை பார்த்த மலாய்ப் பெண் ஒருவர் இன்னும் அதே பாடத்தைக் கற்பிக்கிறார். விடைத்தாளை நான் மதிப்பெண் போடுவதற்கு முன்பே நகல் எடுத்து வைத்திருந்தேன். எண்ணையும் ஒரு தாளால் மூடி, பழைய வினாத்தாளோடு அவருக்கு அனுப்பினேன். ஒரு விடைத்தாள்தான், நேரமிருந்தால் திருத்தித் தரமுடியுமா என்று மட்டும் கேட்டேன். இரண்டு நாளில் திரும்பி வந்தது. அறுபத்தொன்று.

ஒன்பது மதிப்பெண் வித்தியாசம். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றாவது கேள்வியில் அவர் பாடப் புத்தக முறையில் போகாமல் தொழிற்சாலையில் செய்யும் முறையில் விடையை எட்டியிருந்தார். படிகள் காட்டப்படவில்லை என்று ஆறு குறைத்திருந்தேன். சக ஆசிரியையோ முழு மதிப்பெண் போட்டு, ஓரத்தில் பென்சிலால், இவர் எங்கே வேலை பார்க்கிறார் என்று மலாயில் கேட்டிருந்தார். மீதி மூன்றும் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று குறைத்தவை. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் காரணம் இருந்தது. அன்றைக்கும் என்னிடம் காரணம் இருந்தது. எழுபத்து மூன்று வயதில், மன்னிப்புக் கேட்ட பிறகு, அவ்வளவு கவனமாக இருந்தும், கை அதன் பழைய வேலையைச் செய்திருக்கிறது.

முதலில் அறுபத்தொன்றை மட்டும் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அரை நாள் அப்படித்தான் நினைத்தேன். பிறகு இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு ஆயர் ஈத்தாமுக்குப் போனேன்.

அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். மூன்றாவது கேள்வியில் நின்றார். கணவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"ஒரே ஆன்சர், ரெண்டு மார்க்கா?" என்றார் கணவர். "சார், எங்க கடைல ரெண்டு டயருக்கு ரெண்டு விதமா காத்து அடிச்சா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்."

"சும்மா இருங்க" என்றார் மனைவி. ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார். பிறகு என்னிடம், "இது எனக்கு மட்டும்தான் போட்டீங்களா சார், இல்ல எங்காளுங்க எல்லாத்துக்குமா?"

"எல்லோருக்கும்" என்றேன். "எத்தனை பேர் என்று தெரியவில்லை."

அவர் தலையசைத்தார். அந்தக் கணக்கை என்னால் இனி எடுக்க முடியாது. விடைத்தாள்கள் எப்போதோ அழிக்கப்பட்டுவிட்டன.

"அறுபத்தொன்றுதான் சரியானது, அதை வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

"இல்ல சார். ரெண்டையும் முன்பக்கத்துல எழுதிக் குடுங்க. கையெழுத்தும் போடுங்க."

எழுதினேன். ஐம்பத்திரண்டு, அதன் கீழே அறுபத்தொன்று, அதன் கீழே என் கையெழுத்து. எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் அவர் சொல்லவில்லை. இதுவரை சொன்னதில்லை.

ஏழு மாதம் கழித்து என் காருக்கு டயர் மாற்றப் போனபோதுதான் கணவர் சொன்னார். மனைவி பத்து பாகாட்டில் ஒரு கல்லூரியில் வார இறுதிப் பட்டப் படிப்பில் சேர்ந்துவிட்டாராம். பரிந்துரைக் கடிதம் தொழிற்சாலை மேலாளர் கொடுத்தாராம், கேள்வி கேட்டால் பிடிக்காத அதே மேலாளர். "உங்ககிட்ட கேக்கலாமேன்னு சொன்னேன் சார். வேணாம்னுட்டா." டயரை உருட்டிக்கொண்டே, "சனிக்கிழமை இப்ப நான்தான் சமைக்கிறேன். சோறு ரெண்டு நாள் குழையுது" என்றார்.

எனக்கு வருத்தமில்லை. அவர் என்னிடம் கேட்காததுதான் சரி.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வெளிநாட்டு ஆர்டர் ஒன்றில் கோளாறு, தொழிற்சாலையிலேயே நிற்க வேண்டியதாகிவிட்டது என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே இருந்ததை அப்படியே தருகிறேன்.

"இன்னிக்கு கிளாஸ் போக முடியல சார். லெக்சரருக்கு போன் பண்ணி சொன்னேன். சரி, அடுத்த வாரம் வாங்கன்னு சொன்னாரு. அவ்ளோதான் சார். லெட்டர் கூட கேக்கல."